நோட்ஸ் கொடுக்காதீர்கள், எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நாலு பேர் ஒரு டீக்கடையில் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். "நோட்ஸ் இருக்கா?"

இருக்கிறது. எல்லாரிடமும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்ட நோட்ஸ், டெலிகிராமில் வந்த பிடிஎஃப் நோட்ஸ், போன முறை பாஸானவரின் கையெழுத்து நோட்ஸ், கோச்சிங் சென்டர் அச்சடித்துக் கொடுத்த நோட்ஸ். வீட்டில் ஒரு அலமாரியே நிறைந்திருக்கும். பெரும்பாலும் இல்லாதது ஒன்றுதான். அவரவர் தானே கேட்டு, யோசித்து, எடுத்த நோட்ஸ்.

"நோட்ஸ்" என்ற சொல் தமிழ்நாட்டில் என்ன ஆகிவிட்டது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நோட்ஸ் என்றால் கடையில் விற்கும் உரைநூல். கோனார் தமிழ் உரைக்கே ஊர் வைத்த பெயர் கோனார் நோட்ஸ்தான். வகுப்பில் நோட்ஸ் என்றால் வாத்தியார் சொல்லச் சொல்ல கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட எழுதிக்கொள்வது. கல்லூரியில் நோட்ஸ் என்றால் சீனியரிடம் கடன் வாங்கி நகல் எடுப்பது. "நோட்ஸ் கொடுத்தாங்க", "நோட்ஸ் வாங்கிட்டேன்", "ரெண்டு நாள் லீவு, நோட்ஸ் விட்டுப்போச்சு." கூடவே வரும் வினைச்சொற்களைப் பாருங்கள். கொடுப்பது, வாங்குவது, விட்டுப்போவது. ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குவது மாதிரி. "குறிப்பெடுத்தல்" என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அது பாடப்புத்தகத்தின் பயிற்சிப் பகுதியோடு நின்றுவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனால் பெரிய சேதம் உடனே தெரியாது. அவர்களுக்கு நாள் முழுக்கப் படிப்புதான் வேலை. நேரம் இருக்கிறது, திரும்பச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார், ரிவிஷன் டெஸ்ட் இருக்கிறது. அடி விழுவது வேறு ஆட்களுக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மறுபடி புத்தகத்தைத் திறக்கிறார்களே, அவர்களுக்கு.

யார் இவர்கள்?

முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பத்தாவது முடித்ததும் கல்யாணம். இப்போது ஒரு கம்பெனியில் பகல் ஷிஃப்ட். குரூப் 4 எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். இரவு சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தால் பதினோரு மணி வரை அவருடைய நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்கிறார்? ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவசரமாகக் கிறுக்கியதை இன்னொரு நோட்டில் அழகாகத் திருப்பி எழுதுகிறார். தலைப்புக்குச் சிவப்பு மை, அடிக்கோட்டுக்குப் பச்சை மை. ஒரு வாரம் ஓடிவிடுகிறது. அடுத்த ஞாயிறு புதுப் பாடம் வந்துவிடுகிறது. மாதிரித் தேர்வில் அந்தப் பாடத்திலிருந்து கேட்டால் எங்கேயோ எழுதிய ஞாபகம் மட்டும் இருக்கிறது, விடை இல்லை.

இதற்கு அவர் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? "வயசாயிடுச்சு சார், மண்டையில ஏற மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எத்தனையோ பேருடைய படிப்பு நின்றுபோகிறது. தொலைதூரக் கல்வியில் பட்டத்துக்குச் சேர்ந்து பாதியில் விடுபவர், டிரைவர் வேலை பார்த்துக்கொண்டே பன்னிரண்டாவது தனித்தேர்வு எழுதுபவர், பதவி உயர்வுக்காகத் துறைத் தேர்வு எழுதும் அலுவலக உதவியாளர், எல்லாரும் கடைசியில் சொல்வது இதைத்தான். ஆனால் பழி போட வேண்டியது வயதின் மீது அல்ல. எப்படிக் குறிப்பு எடுப்பது, எடுத்ததை வைத்து என்ன செய்வது என்று அவருக்கு யாரும் ஒரு நாள்கூடச் சொல்லித்தரவில்லை. பள்ளியிலும் இல்லை, இப்போது சேர்ந்த இடத்திலும் இல்லை. பாடத்தை நடத்துகிறார்கள், மெட்டீரியல் கொடுக்கிறார்கள், டெஸ்ட் வைக்கிறார்கள். நடுவில் இருக்கும் வேலையை மட்டும் "அது அவங்கவங்க பாடு" என்று விட்டுவிடுகிறார்கள்.

மறதி எல்லாருக்கும் உண்டு

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் தன் ஆராய்ச்சியை வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு மறக்கும் வேகம் குறைந்துவிட்டது. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளில்தான் அதிகம் நழுவுகிறது என்ற பாடம் எல்லாருக்கும் பொருந்தும். இருபது வயதுக்காரருக்கும்தான்.

குறிப்பு எடுப்பதால் என்ன லாபம் என்பதை டி வெஸ்டா, கிரே என்ற இருவர் 1972-ல் இரண்டாகப் பிரித்தார்கள். எழுதும்போதே மூளையில் பதிவது ஒன்று. பிறகு எடுத்துப் பார்க்க ஒரு சேமிப்பு கையில் இருப்பது இன்னொன்று. டிக்டேஷன் எழுதுகிறவருக்கு முதல் லாபம் மிகக் குறைவு. காதில் விழுவது நேராகக் கைக்குப் போகிறது, மண்டையில் தங்குவதில்லை. திரும்பப் பார்க்க நேரமில்லாதவருக்கு இரண்டாவது லாபமும் இல்லை. ஆக அந்த அக்காவின் ஒன்றரை மணி நேரத்துக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

சரி, திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 சதவீதம் சொன்னது, எழுதிப் பார்த்த குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். படித்த குழு 40, எழுதிப் பார்த்த குழு 61.

இதில் முக்கியமான விஷயம் அந்த முதல் ஐந்து நிமிடம்தான். திரும்பப் படித்தவருக்கு "எல்லாம் தெரியுது" என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் ஏமாற்றுகிறது. பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

தையல் கடை, பால் கணக்கு, மொய் நோட்டு

பெரியவர்களுக்குச் சொல்லித்தர வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, அவர்களுக்குக் குறிப்பு எடுக்கவே தெரியாது என்று நினைப்பது. தெரியும். படிப்பில் அல்ல, பிழைப்பில்.

தையல்கார அண்ணனின் அளவு நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பில் நம்பர், டெலிவரி தேதி, பிறகு வரிசையாக எண்கள். உயரம், தோள், கை, மார்பு, இடுப்பு என்று எந்த எண்ணுக்கும் பெயர் எழுதியிருக்க மாட்டார். தேவையில்லை, எந்த அளவு எந்த இடத்தில் வரும் என்பது அவருக்கு நிச்சயம். "கழுத்து கொஞ்சம் இறக்கம்" என்பது போன்ற வழக்கத்துக்கு மாறான விஷயம் மட்டும் பக்கத்தில் ஒரு சொல்லாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துத் துணியை வெட்டும்போது அந்த நான்கு அங்குலத் தாள் போதும்.

வீட்டில் பால் கணக்கு காலண்டரில் இருக்கும். பால் வாங்கிய நாளை யாரும் எழுதுவதில்லை. வாங்காத நாளில் மட்டும் ஒரு பெருக்கல் குறி, கூடுதலாக வாங்கிய நாளில் "+½". மாதக் கடைசியில் கணக்கு சரியாக வரும். தெரிந்ததை எழுதாதே, மாறுவதை மட்டும் எழுது என்ற தத்துவத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லிவிடாது.

மொய் நோட்டு? ஊர், பெயர், தொகை. அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுதுவதால்தான் அது ஊர் வாரியாகத் தேட வசதியாக இருக்கிறது. பார்க்காத மொய் நோட்டுக்கு வீட்டில் இடம் கிடையாது.

நிச்சயமான இடம், தேவையானது மட்டும், திரும்பப் பார்க்கும் நோக்கம். இந்த மூன்றும்தான் குறிப்பெடுத்தலின் முழு ரகசியம். இதைத் தினமும் செய்கிறவர்தான் வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் வரிக்கு வரி எழுதத் தொடங்குகிறார். ஏன்? வகுப்பு என்றால் அப்படித்தான் என்று பத்து வருஷப் பள்ளி அவருக்குப் பழக்கிவிட்டது.

பெரியவர்கள் வெறும் பாத்திரமாக வருவதில்லை, அனுபவத்தோடு வருகிறார்கள், அந்த அனுபவத்தில் ஒட்டிக் கற்றுத்தர வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-களில் எழுதினார். அதை இங்கேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைக் கொண்டுவிட மறுநாளே உதவியது அது. கற்றது நாளைக்கே கைக்கு உதவுகிறது என்று தெரிந்தால் பெரியவர்கள் தயங்குவதில்லை.

ஒரு பக்கம், மூன்று இடம்

எந்த முறையைக் கற்றுத்தருவது? மைண்ட் மேப், அவுட்லைன், அட்டவணை என்று நிறைய இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒன்று போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950-களில் உருவாக்கிய முறை அது. 1962-ல் வந்த தன் புத்தகம் மூலம் அதைப் பரவலாக்கினார். வழி ரொம்ப எளிது. பக்கத்தின் இடது பக்கம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே கோடு போடு. வகுப்பில் வலது பக்கம் மட்டும் எழுது. வீட்டுக்குப் போய் இடது பக்கம் கேள்விகள் எழுது. அடியில் மொத்தப் பக்கத்தையும் ஓரிரு வரியில் சொல். பிறகு வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடது பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்.

கடைசி வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் இதுவும் கோடு போட்ட இன்னொரு அழகு நோட்டுதான்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் சொல்கிறார்: "1992-இல் நிறைவேற்றப்பட்ட 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் மூலம் ஊராட்சி அமைப்புகளுக்கு அரசியலமைப்பு அந்தஸ்து கிடைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். ஊராட்சிகளுக்கான 29 துறைகள் 11-வது அட்டவணையில் உள்ளன."

வரிக்கு வரி எழுதினால் அரைப் பக்கம். வலது பக்கத்தில் இப்படிப் போதும்:

73 தி. – 1992, அமல் 24.4.93
ஊராட்சி → அ.அமைப்பு அந்தஸ்து
தேர்தல்: 5 ஆ.
பெண்: 1/3 குறையாமல் (த.நா. 1/2 – 2016 சட்டம்)
அட். 11 – 29 துறை

இரவு இடது பக்கத்தில்:

நிறைவேறிய வருஷம் எது, அமலான வருஷம் எது?
எங்க ஊர் தலைவி எந்தச் சட்டத்தால் தலைவி?
எந்த அட்டவணை, எத்தனை துறை?

அந்த இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். அதை எந்த கைடும் அச்சடித்துத் தராது. தன் ஊராட்சியில் ஒரு பெண் தலைவராக இருப்பதைப் பார்த்த முப்பத்தெட்டு வயதுக்காரருக்குத்தான் அந்தக் கேள்வி எழும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வெறும் எண்ணாக இருக்கும் 73, இவருக்குத் தெருவில் பார்க்கும் முகமாகிவிடுகிறது. இப்போது சொல்லுங்கள், வயது பாரமா, மூலதனமா?

தமிழில் கேட்டு எழுதுவதற்கு ஒரு தனிப் பழக்கம் வேண்டும்

ஆங்கிலப் புத்தகங்களில் வரும் யோசனைகளை அப்படியே கொண்டுவந்தால் ஓர் இடத்தில் இடிக்கும். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமாவா இல்லையா என்பது வாலில்தான் தெரியும். "73-வது திருத்தம் நகராட்சிகளுக்குப் பொருந்..." வரைக்கும் எழுதியாகிவிட்டது. பொருந்துமா, பொருந்தாதா? (பொருந்தாது. நகராட்சிகளுக்கு 74.) முதல் சொல்லிலேயே பேனாவை ஓடவிடுகிறவர் வால் வரும்போது இன்னும் நடுவில் எழுதிக்கொண்டிருப்பார். "பொருந்தாது" காதில் விழாமலே போய்விடும். அதனால் தமிழில் குறிப்பெடுக்கச் சொல்லித்தரும்போது முதல் பயிற்சி இதுதான். வாக்கியம் முடியும்வரை பேனாவைத் தூக்காதே. கேள், முடியட்டும், பிறகு இரண்டு சொல் எழுது.

அடுத்து, தமிழ்ச் சொற்கள் நீளம். வேற்றுமை உருபு, விகுதி, எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். "நடைமுறைப்படுத்தப்பட்டதன் காரணமாக" என்பதை முழுதாக எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். விகுதியை வெட்டச் சொல்லித்தர வேண்டும். "காரணமாக" என்றால் ஓர் அம்பு. "எதிராக" என்றால் பெருக்கல் குறி. எ.கா., கி.மு., த.நா. மாதிரி அவரவரே சுருக்கங்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அந்தச் சுருக்கம் ஒரு மாதம் கழித்தும் தனக்குப் புரிய வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சுருக்கப் பட்டியல் ஒன்று இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

பேச்சுத் தமிழில் எழுதலாமா? தாராளமாக. "வேற வேற வருஷம், குழப்பிக்காத" என்று எழுதிக்கொண்டால் யார் திட்டப்போகிறார்கள்? செந்தமிழில் எழுதினால்தான் நோட்ஸ் என்ற பயம் எத்தனையோ பெரியவர்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

சொல்லப்படும் சாக்குகள்

"சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை, இதற்கு ஏது நேரம்?" இது ஆசிரியர்களின் முதல் சாக்கு. குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அந்த 54 விநாடியில் நினைவுக்கு வராத சிலபஸை முடித்து என்ன பயன்? தவிர, தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பாடத்துக்குள்ளேயே செய்யலாம். ரூல், ஹியூஸ், ஷ்லாஸ் மூவரும் 1987-ல் ஒரு சிறிய மாற்றத்தைச் சோதித்தார்கள். வகுப்பின் நடுவே மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு குறிப்பை ஒப்பிட்டு, பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு நிறுத்தாத வகுப்பைவிட அதிகம் நினைவில் நின்றது. மொத்தச் செலவு ஆறு நிமிடம்.

"ஆப்ஜெக்டிவ் தேர்வுக்கு எதற்குக் குறிப்பு?" நாலு விடையும் ஒன்று போலத் தெரியும்போது எது சரி என்று பிரித்துச் சொல்ல வேண்டியதால்தான். 1992, 1993 இரண்டும் விடையாகக் கொடுக்கப்பட்டிருக்கும்போது, "வேற வேற வருஷம்" என்று எழுதிக்கொண்டவர் தப்பிப்பார்.

"போர்டை போட்டோ எடுத்துக்கிட்டா போச்சு." போச்சுதான். போன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பரீட்சை ஹாலுக்குள் போனை விடமாட்டார்கள்.

"கையால் எழுதினால்தான் பதியும், லேப்டாப் கூடாது." இது இன்னொரு பக்கத்து மூடநம்பிக்கை ஆகிவருகிறது. 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் லேப்டாப்பில் எழுதியவர்கள் வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்தார்கள், புரிதல் கேள்விகளில் பின்தங்கினார்கள். உலகம் முழுக்கப் பரவிய செய்தி அது. ஆனால் 2019-லும் 2021-லும் அதே சோதனையை மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு மதிப்பெண்ணில் அப்படித் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே பேனாவா கீபோர்டா என்பது முடிந்துபோன வழக்கு அல்ல. கைவலி உள்ள ஒருவர் போனில் தட்டினால் தட்டட்டும். அப்படியே படியெடுக்காமல் இருந்தால் சரி.

கொஞ்சம் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. டன்லாஸ்கியும் கூட்டாளிகளும் 2013-ல் பத்து படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். அடிக்கோடிடுவது, திரும்பப் படிப்பது ஆகியவற்றோடு சுருக்கி எழுதுவதையும் "பயன் குறைவு" என்ற வரிசையில் வைத்தார்கள். அப்படியானால் குறிப்பு எடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். காரணத்தையும் படிக்க வேண்டும். பலருக்கு நன்றாகச் சுருக்கத் தெரியவில்லை, அதற்கு நிறையப் பயிற்சி தேவைப்படுகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன குறை. அதாவது, கற்றுத்தராமல் "நோட்ஸ் எடுங்க" என்று மட்டும் சொல்வது வீண். அதே ஆய்வு மேலே வைத்த இரண்டு முறைகள், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும். இடது பக்கத்துக் கேள்வி அந்த இரண்டுக்கும்தான்.

அப்படியானால் ஆசிரியர் என்ன செய்யலாம்?

முதல் வாரம் முழு வெள்ளைத்தாள் வேண்டாம். தலைப்புகளும் பாதி வரிகளும் அச்சடித்து, முக்கியமான இடங்களைக் காலியாக விட்ட தாள் கொடுக்கலாம். மெதுவாக எழுதுகிறவரும் பின்தங்க மாட்டார். இரண்டாவது வாரம் தலைப்பு மட்டும். மூன்றாவது வாரம் கோடு மட்டும். நான்காவது வாரம் அவரே கோடு போட்டுக்கொள்வார். கைப்பிடித்துச் சைக்கிள் பழக்கிவிட்டு மெல்ல கையை எடுப்பது போலத்தான்.

ஆசிரியர் கரும்பலகையில் தானே ஒரு தடவை எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு பத்தியை யாராவது வாசிக்க, எதை எழுதுகிறார், எதை விடுகிறார், ஏன் விடுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். விடுவதைப் பார்ப்பதுதான் பெரிய பாடம். வாத்தியாரே ஒரு வரியை எழுதாமல் விடுகிறார் என்பதைப் பார்க்கும்போதுதான் "எல்லாத்தையும் எழுதணும்" என்ற பயம் போகும்.

ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிடம் போன வாரத்து இடது பக்கத்தோடு தொடங்கலாம். புத்தகம் மூடி, வலது பக்கம் மறைத்து, பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்கட்டும். ஞாயிறு மட்டும் வகுப்புள்ள இடத்தில் இது ஒன்றே பாதி ரிவிஷன்.

கடைசியாக, கூச்சம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்பது வயதில் நோட்டைத் திறந்து காட்டுவது லேசான காரியம் இல்லை. ல, ள, ழ தடுமாறும். கையெழுத்து கோணலாக இருக்கும். சொல்லித்தருபவர் பெரும்பாலும் தன்னைவிடப் பத்து வயது சின்னவர். அந்த நோட்டில் சிவப்பு மையால் ஒற்றுப் பிழை திருத்தினால் அடுத்த வாரம் அவர் பின்பெஞ்சுக்குப் போய்விடுவார். அதற்கடுத்த வாரம் வரவே மாட்டார். "அக்கா, இதைப் பார்த்தா உங்களுக்கு அன்னைக்கு நடத்துனது ஞாபகம் வருதா?" என்ற ஒரு கேள்வி போதும். வருகிறது என்றால் அது நல்ல குறிப்பு. எழுத்துப் பிழையைத் திருத்த வேறு நாள் இருக்கிறது.

இதற்குப் பெரிய பணமோ புதுக் கட்டடமோ தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. தொலைதூரக் கல்வியின் சனி, ஞாயிறு வகுப்புகள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. இவற்றில் எங்கே புதிதாக ஒரு பெரியவர் படிக்க வந்தாலும், முதல் மெட்டீரியலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் முதல் இரண்டு வகுப்பை இதற்கு ஒதுக்கினால் போதும்.

மெட்டீரியல் கொடுக்கக் கூடாது என்பதில்லை. கொடுக்கட்டும். ஆனால் கொடுத்த நோட்ஸ் ஒரு தேர்வோடு பழசாகிவிடும். சிலபஸ் மாறினால் எடைக்குப் போகும். எடுக்கத் தெரிந்தவர் அடுத்த தேர்வுக்கும் எடுப்பார், வேலை கிடைத்தால் அலுவலகக் கூட்டத்திலும் எடுப்பார், மகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

அந்த ஒன்பதரை மணி அக்காவுக்கு இன்னொரு மணி நேரம் யாராலும் தர முடியாது. இருக்கிற ஒன்றரை மணி நேரத்தை அழகு நோட்டு திருடாமல் பார்த்துக்கொள்ள முடியும். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில், இடது பக்கம் இரண்டரை அங்குலம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிப் படிக்கிறவர் யாராவது இருந்தால், இன்று இரவே அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுங்களேன்.